ஆம்னிக்குள்ள ஒரு குளிர் ராத்திரி!

கேரவன்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? ஷூட்டிங் ஸ்பாட்டில் ஓரமாக நிற்கும் பெரிய ஏ.சி. பஸ், ஷாட் முடிந்ததும் அதில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஹீரோ... அவ்வளவுதானே? அமெரிக்கா, கனடாவில் அப்படி இல்லை. ரிட்டயர் ஆன தாத்தா, பாட்டி முதல் காலேஜ் பசங்க வரை, கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்த வண்டியை ஓட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்த் தங்குகிறார்கள். பனிக்காலம் வந்தால் அதற்கு ஒரு தனிச் சடங்கே உண்டு. வண்டியின் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, குழாய்க்குள் பிங்க் கலரில் ஒரு திரவத்தை ஊற்றுவார்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து, விரிந்து, குழாய் வெடித்துவிடும்.

நம்ம வாணியம்பாடியில் குழாய்த் தண்ணீர் உறையாது. குழாயில் தண்ணீர் வந்தாலே அது நியூஸ்!

ஆனாலும் நாங்களும் ஒரு வண்டியைக் குளிருக்குத் தயார் பண்ணினோம். ஒரு தடவை தப்பாக, ஒரு தடவை சரியாக. தப்பாகப் பண்ணிய தடவை மூணு பேருக்கும் சங்கு ஊதியிருக்க வேண்டியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமாவின் பழைய ஆம்னி

வண்டி, நண்பனோட மாமாவுடையது. மாருதி ஆம்னி. வருஷக்கணக்கா ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன வண்டி. கம்பெனியே 2019-ல் ஆம்னி தயாரிப்பை நிறுத்திவிட்டது, மாமா மட்டும் நிறுத்தவில்லை. ''பெட்ரோல் நீங்க போட்டுக்கங்கடா, கீறல் விழுந்தா தோலை உரிச்சுடுவேன்''னு சாவியைக் கொடுத்தார். தோல் ஊர்க்காரர், சொன்னால் செய்வார்.

பிளான் ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு டிசம்பரிலும் 13, 14 தேதி ராத்திரியில் 'ஜெமினிட்ஸ்' எரிகல் மழை உச்சத்துக்கு வரும். ஃபேத்தான்னு 1983-ல் கண்டுபிடித்த ஒரு சின்னக் கோள் உதிர்த்துவிட்டுப் போன தூசு அது. நல்ல இருட்டில் மணிக்கு நூறுக்கு மேலே கூடப் பார்க்கலாம். ஊருக்குள்ளே இருந்தால் தெருவிளக்கும் கம்பெனி விளக்கும்தான் தெரியும். மலைக்குப் போயாகணும்.

முதலில் யோசித்தது காவலூர். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் இருக்கிற வைணு பாப்பு ஆய்வகம் நமக்குப் பக்கத்து ஊர்தான். 1986-ல் திறந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கேதான் இருக்கு. யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு 1977-ல் உலகம் தெரிஞ்சுக்கிட்டதில் காவலூருக்கும் பங்குண்டு. ஆனால் அது விஞ்ஞானிகள் ராத்திரி வேலை பார்க்கிற இடம். நாம ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு அங்கே போய் நின்றால் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்புவாங்க. சுற்றிலும் காடு வேற. அனுமதி இல்லாமல் காட்டோரம் ராத்திரி தங்குவது சட்டப்படியும் தப்பு, யானை, கரடி எதுவும் இல்லாட்டியும் புத்திசாலித்தனமும் இல்லை.

ஆகவே ஏலகிரி. ஜோலார்பேட்டை பக்கம் பொன்னேரியில் திரும்பி, பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறினால் மலை. ஒவ்வொரு வளைவுக்கும் பாரி, ஓரி, கபிலர், ஔவையார்னு புலவர், வள்ளல் பேரு. தமிழ் அய்யா கிளாஸில் தூங்கினவன்கூட ஏறி இறங்கினா பாஸ் ஆயிடலாம். மேலே தெரிஞ்சவர் ஒருத்தர் தோட்டம் வெச்சிருந்தார். வண்டியை உள்ளே நிறுத்திக்க அவர் சம்மதிச்சார். பாத்ரூமும் கிடைத்தது. இது முக்கியம், ரோட்டோரம் நிறுத்தித் தூங்குவதைவிட இதுதான் நிம்மதி.

2024 டிசம்பர் 14, சனிக்கிழமை. அதுக்கு முந்தின ரெண்டு நாளும் மழை, வானம் அன்னைக்குத்தான் திறந்தது. மறுநாள் பௌர்ணமி. பால் மாதிரி நிலா. எரிகல் பார்க்க இதைவிட மோசமான ராத்திரி கிடையாதுன்னு அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சது. ''காலண்டரைப் பார்க்கக்கூடாதாடா?''ன்னு ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கொண்டே கும்முட்டி அடுப்பில் கரி போட்டுக் கோழி சுட்டோம். வண்டிக்குள் நாங்கள் செய்திருந்த 'குளிர்கால ஏற்பாடு' என்ன தெரியுமா? ஆளுக்கு ஒரு போர்வை, மூணு மஃப்ளர். முடிஞ்சது.

ராத்திரி ரெண்டு மணிக்கு முதுகு விறைச்சுப்போச்சு. வாணியம்பாடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். ஏலகிரி ஆயிரம் மீட்டருக்கு மேலே. ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்கிற கணக்குப்படி, கீழே நம்ம வீட்டில் இருப்பதைவிட நாலஞ்சு டிகிரி கம்மி. மேகம் விலகின ராத்திரியில் இன்னும் ஒரு சங்கதி உண்டு. வண்டியின் தகரக் கூரை தன் சூட்டையெல்லாம் திறந்த வானத்துக்கு வாரி விட்டுவிடும். வெளிக் காற்றைவிடக் கூரை ஜில்லென்று ஆகிவிடும். அந்தத் தகரத்துக்கு அடியில் நாங்கள் மூணு பேர், மத்தி மீன் மாதிரி.

அப்பதான் ஒருத்தனுக்கு அந்த ஐடியா வந்தது. அடுப்பில் கரி இன்னும் தணலாக இருக்கு. புகை சுத்தமா இல்லை. ''இதைத் தூக்கி உள்ளே வெச்சா ரூம் ஹீட்டர் மச்சி!''

வெச்சோம். கண்ணாடியெல்லாம் ஏத்தினோம். சூப்பரா சூடு ஏறிச்சு. எனக்கு உடனே தூக்கம் வந்தது. இதமா, பஞ்சு மெத்தையில் விழுந்த மாதிரி.

எங்களைக் காப்பாத்தியது அறிவு இல்லை, ஒருத்தனோட மூத்திரப்பை. ஒண்ணுக்குப் போக எழுந்தவன் கதவைத் திறந்து காலை வெச்சான், அப்படியே மடிஞ்சு விழுந்தான். அவன் விழுந்த சத்தத்தில்தான் நான் முழிச்சேன். தலை பிளக்கிற வலி. மூணாவது ஆளை ரெண்டு கன்னத்திலும் அறைஞ்சுதான் எழுப்பினோம். வெளியே புல்தரையில் விடியற வரைக்கும் வாந்தி எடுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். கோழி சரியா வேகலைன்னு நினைச்சோம். சத்தியமா அப்படித்தான் நினைச்சோம்.

ஒன்பது நாள் கழிச்சு வந்த நியூஸ்

டிசம்பர் 23. கேரளாவில் கோழிக்கோடு மாவட்டம், வடகரை. நெடுஞ்சாலை ஓரமா நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. வண்டியில் வேலை பார்த்தவங்க. ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓட விட்டு, கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கியிருக்காங்க. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் பிறகு அதே வண்டியில் சோதனை நடத்தினாங்க. ஜெனரேட்டர் வாயு, வண்டியின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியா உள்ளே ஏறியிருக்கு. கார்பன் மோனாக்ஸைடு.

அதே வருஷம் கொடைக்கானலிலும் கறி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய ரெண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை. இந்த ரெண்டையும் படிச்ச பிறகுதான் எங்க மூணு பேருக்கும் ஏலகிரிக் கோழி மேல பழி இல்லைன்னு புரிஞ்சது.

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில் படிச்சதுதான், ஆனா பரீட்சையோட மறந்துட்டோம். கரி, போதுமான காற்று கிடைக்காமல் எரிஞ்சா இந்த வாயு வரும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாப் பிடிச்சுக்கும். அதனால் மூச்சு சரியாத்தான் வந்துக்கிட்டிருக்கும், உடம்புக்குப் பிராணவாயு போகாது. முதலில் தலைவலி, மயக்கம், வாந்தி. தூங்கிக்கொண்டு இருப்பவருக்கு இந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. புகை இல்லாத தணல் பாதுகாப்பானதுன்னு நினைச்சோமே... புகை வந்திருந்தா இருமிக்கிட்டே எழுந்திருப்போம். புகை இல்லாததுதான் ஆபத்து!

2025-ல் திரும்பப் போகணும்னு முடிவு பண்ணினப்ப வீட்டில் யார்கிட்டயும் பழைய கதையைச் சொல்லலை. (இதைப் படிக்கிற அம்மா, மன்னிச்சுக்க.) ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னோம். பைபாஸ் பக்கம் ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கிற மெக்கானிக் பாய். அவர் கேட்டுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், ''வண்டியை ராத்திரி எட்டு மணிக்கு மேல கொண்டாங்க தம்பி. பகல்ல பார்த்தா ஓட்டை தெரியாது''ன்னார்.

பாய் பண்ணின டெஸ்ட் இருக்கே, அது எந்த மேனுவல்லயும் இல்லை. ஷெட்டில் லைட்டையெல்லாம் அணைச்சார். வண்டிக்குள்ளே பளிச்சுனு ஒரு டார்ச்சைப் போட்டு, தரையை ஒட்டிக் காட்டச் சொன்னார். அவர் பள்ளத்தில் இறங்கி அடியிலேர்ந்து பார்த்தார். ''இங்க ஒரு நட்சத்திரம்... இங்க ஒண்ணு... டிக்கி கிட்ட பாரு, ஒரு நிலாவே இருக்குது!'' துரு தின்ன ஓட்டைகள். எண்ணிப் பார்த்தா ஏழு. எரிகல் பார்க்க மலைக்கு எதுக்குடா போனீங்கன்னு கிண்டல் வேற.

ஆம்னியில் இன்னொரு விவகாரம். மற்ற கார் மாதிரி இதுக்கு இன்ஜின் முன்னால் தனி அறையில் இல்லை. முன் சீட்டுக்கு அடியில், கிட்டத்தட்ட நம்மகூடவே உட்கார்ந்திருக்கு. அதை மூடுகிற தகடைச் சுற்றி இருக்கிற ரப்பர் பீடிங் காய்ஞ்சு விரிஞ்சிருந்தால் இன்ஜின் பக்கத்துக் காற்று நேரா உள்ளேதான் வரும். பாய் பீடிங்கை மாத்தினார். ஓட்டைகளுக்குப் பற்றவைப்பு. சைலன்சர் இணைப்பில் ஒரு இடத்தில் 'புஸ் புஸ்' சத்தம் கேட்டுது, அதையும் சரி பண்ணினார். இவ்வளவும் பண்ணிட்டுச் சொன்னார்: ''இப்ப நல்லா இருக்குது. அதுக்காக இன்ஜினை ஆன்ல வெச்சுத் தூங்கலாம்னு நினைச்சீங்க, நான் சாவியைத் தரமாட்டேன்.''

அதே ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்கு ஒரு ஆசையும் அடங்கியது. பின் சீட்டைக் கழட்டிட்டு, கட்டில், அலமாரி எல்லாம் அடிச்சு நிஜமான கேரவனாவே ஆக்கிடலாமான்னு கேட்டோம். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறா வண்டியின் அமைப்பை மாத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி தப்பு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கறாரா சொல்லிவிட்டது. ஆகவே எதையும் ஆணி அடிக்கலை. சீட்டை மடக்கி, அதுமேல ரெண்டு ப்ளைவுட் பலகை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் எடுத்துச் சுவரோரம் சாத்திடலாம்.

ஷூ கற்றுத்தந்த பாடம்

எங்க மூணு பேரில் ஒருத்தன் இப்ப ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறான். முதல் தடவை ஏன் முதுகு விறைச்சுதுன்னு பேசிக்கிட்டிருந்தப்ப அவன் கேட்டான்: ''குளிர் நாட்டுக்குப் போற பூட்ஸ்ல எங்கடா கனமா மெட்டீரியல் வெப்போம்? மேலயா, அடியிலயா?''

அடியில்தான். நாம படுக்கும்போது நமக்குக் கீழே இருக்கிற போர்வை உடம்பு கனத்தில் நசுங்கி, அதுக்குள்ளே இருக்கிற காற்று வெளியே போயிடும். காற்று இல்லைன்னா கம்பளியும் வெறும் துணிதான். மேலே மூணு கம்பளி போர்த்தினாலும் அடிப்பக்கம் தகரம் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அடியில் வேண்டியது நசுங்காத மெட்டீரியல். அதுக்கு நம்ம ஊரைவிட வேற ஊர் உண்டா? செருப்பு அடிப்பாகத்துக்கு வெட்டின ஈ.வி.ஏ. ஷீட்டில் மிச்சம் மீதி எடைக்குக் கிடைக்கும். பச்சை, ரோஸ், மஞ்சள்னு கலர் கலரா வாங்கி வந்து பலகை மேல ரெண்டு அடுக்கு ஒட்டினோம். அதுமேல கோரைப்பாய், ஜமுக்காளம். அந்த ஷீட்டுக்குள்ளே மூடின சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் இருப்பதால் ஈரமும் ஏறாது, நசுங்கவும் செய்யாது.

கண்ணாடிகளுக்கும் அதே வைத்தியம். நியூஸ்பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டி, அளவு வரைஞ்சு, கம்பெனியில் ஷூவுக்கு பேட்டர்ன் வெட்டுற மாதிரி இவனே கத்தி பிடிச்சு வெட்டினான். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு பீஸ், உள்ளே அழுத்தினால் கச்சிதமா உட்காரும். வெளியிலேர்ந்து பார்த்தா ஆம்னி இல்லை, ஐஸ்கிரீம் வண்டி!

தோல் துண்டுகளையும் விரிக்கலாமேன்னு நான் சொன்னேன். ஈரத்தைக் குடிக்கும், நாறும்னு வேண்டாம்னுட்டான். அதைவிட முக்கியமா இன்னொண்ணு சொன்னான். முதல் ட்ரிப்பில் நெருப்பு மூட்ட ஒரு மூட்டை தோல் கட்டிங் எடுத்துப் போகலாமான்னு நாங்க பேசினது அவனுக்கு ஞாபகம் இருந்தது. நம்ம பக்கம் சில இடங்களில் அடுப்பெரிக்கவே அதைப் போடுறாங்க. குரோம் போட்டுப் பதனிட்ட தோலை எரிச்சா, அதில் இருக்கிற குரோமியம் ரொம்ப விஷமான வகையா மாறும். அந்தப் புகையும் சாம்பலும் ரெண்டுமே கெடுதல். பாலாறு பட்டது போதும், ஏலகிரியாவது தப்பிக்கட்டும்.

குளிருக்கு ஜன்னலைத் திற!

இதைத்தான் எங்க வீட்டில் யாரும் நம்பலை. ஒரு ஆள் ராத்திரி முழுக்க மூச்சிலும் வியர்வையிலும் ஒரு டம்ளர் தண்ணிக்கு மேலேயே விடுறான். மூணு பேருக்கு மூணு டம்ளர். எல்லாத்தையும் அடைச்சா அந்த ஈரம் ஜில்லுனு இருக்கிற கூரையில் பட்டு, துளித்துளியா நம்ம மூஞ்சியிலேயே சொட்டும். போர்வை நனையும், நனைஞ்ச போர்வை குளிரும். முதல் ட்ரிப்பில் கூரை ஒழுகுதுன்னு மாமாகிட்ட கம்ப்ளைண்ட் பண்ணினோம். ஒழுகினது நாங்கதான்! எதிரெதிர் பக்கத்தில் ரெண்டு ஜன்னலை ரெண்டு விரல்கடை திறந்து வெச்சா ஈரம் வெளியே போயிடும். மூச்சுக்கும் நல்லது. கொஞ்சம் சூடு போகும், அதுக்குத்தான் கம்பளி.

சூட்டுக்கு என்ன செய்தோம்? வெந்நீர். ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, பழைய சாக்ஸுக்குள் போட்டுக் கால்மாட்டில் வெச்சா மூணு நாலு மணி நேரம் தாங்கும். அதைக் காய்ச்சுவதும் சமைப்பதும் வண்டிக்கு வெளியேதான். கேஸ், காற்றைவிடக் கனமானது. கசிஞ்சா மேலே போகாமல் தரையில் தேங்கும், அதே தரையில்தான் நாம தலை வெச்சுப் படுக்கிறோம். 'சரக்கு உள்ளே போனா குளிர் தெரியாது'ன்னு ஒரு சீனியர் அட்வைஸ் பண்ணினார். தெரியாதுதான். தோலுக்கு அடியில் ரத்தக்குழாய் விரிஞ்சு சூடா இருக்கிற மாதிரி இருக்கும், உடம்போட நிஜச் சூடு வெளியே போய்க்கிட்டே இருக்கும். கீழே இறங்கப் பதினாலு வளைவு வேற இருக்கு. சுக்கு காபி போதும் பாஸ்.

ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் காசு செலவழிச்சோம். கார்பன் மோனாக்ஸைடு அலாரம். பேட்டரியில் ஓடும், ஆன்லைனில் கிடைக்கும். புகை அலாரம் வேற, இது வேற, பார்த்து வாங்கணும். தலைமாட்டில் மாட்டினோம். அடுப்பு உள்ளே வரவே போறதில்லை, அப்புறம் எதுக்குன்னு கேட்டான் ஒருத்தன். போன தடவை விழுந்தவனே அவன்தான். பதில் சொல்லாம மாட்டினோம்.

மற்றதெல்லாம் வழக்கமான செக்கிங். காற்று குளிர்ந்தா டயர் பிரஷர் கொஞ்சம் இறங்கும், காலையில் ஒரு தடவை பார்த்துக்கணும். வண்டி பேட்டரியில் ராத்திரி முழுக்கப் பாட்டு, லைட்டுன்னு ஓட்டினா விடிஞ்சதும் தள்ள வேண்டியதுதான், அதனால் தனியா சார்ஜ் லைட். லடாக் மாதிரி இடத்தில் டீசலே கெட்டியாகிவிடும். அங்கே போறவங்களுக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை. நம்ம கவலையெல்லாம் இறக்கம். கீழே வரும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன்னு இன்ஜினை அணைக்கவே கூடாது. அணைச்சா ரெண்டு மூணு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லா ஆயிடும். ரெண்டாவது கியர், நிதானம்.

2025 டிசம்பர் 13, மறுபடி சனிக்கிழமை. இந்தத் தடவை காலண்டர் பார்த்தாச்சு. தேய்பிறை, நிலா பின்னிரவில்தான் வரும். அதே தோட்டம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வெச்சோம். பலா மரத்தடியில் நிறுத்தாதேன்னு தோட்டக்காரர் சொன்னார். டிசம்பரில் ஏது பலாப்பழம்னு கேட்டா, ''பழக்கம் தம்பி''ன்னு சிரிச்சார். மரத்தடியில் நின்னா வானமும் தெரியாதே, நகர்த்திட்டோம்.

பாயை விரிச்சு அண்ணாந்து படுத்தோம். முதல் பத்து நிமிஷம் ஒண்ணுமே இல்லை, கண் இருட்டுக்குப் பழகணும். செல்போனை எடுத்தவனுக்கு ஒரு கொட்டு. அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க... ஒண்ணு நீளமா, மெதுவா, மஞ்சளா கிழக்கேயிருந்து தலைக்கு மேல போச்சு. மூணு பேரும் ஒரே நேரத்தில் ''டேய்!'' எழுபத்திரண்டு வரைக்கும் எண்ணினோம். அப்புறம் எண்ணுறதை விட்டுட்டோம். ஒரு மணிக்கு மேல மூக்கு மட்டும் மரத்துப்போக, வண்டிக்குள் போய்ப் படுத்தோம். ஜன்னல் ரெண்டு விரல்கடை திறந்திருந்தது. அலாரத்தின் சின்னப் பச்சை லைட் அப்பப்போ மினுங்கிச்சு. முதுகு கதகதன்னு இருந்தது.

தூக்கம் வந்ததா? எனக்கு வரலை. ரொம்ப நேரம் பக்கத்தில் படுத்திருந்த ரெண்டு பேரும் மூச்சு விடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கிடந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு இருட்டில் ஒரு குரல், ''நீ முழிச்சிருக்கியா?'' அவனும் அதையேதான் பண்ணிக்கிட்டிருந்தானாம்.

காலையில் மலை முழுக்கப் பஞ்சு மாதிரி மூடுபனி. கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இறங்கி வந்து ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தினோம். பாய் டீ கிளாஸோட வெளியே வந்தார். எரிகல் பார்த்தீங்களா, குளிர் எப்படின்னெல்லாம் கேட்கலை. மூணு பேரையும் தலை எண்ணிப் பார்த்தார்.

''அடுத்த வருஷம் நானும் வரேன்''னார்.

''பாய், மூணு பேருக்கே கால் நீட்ட இடமில்லை.''

''அப்ப பெரிய வண்டியா பாருங்க. அடியில நான் டார்ச் அடிச்சுத் தரேன்.''